முழு வருகைக்கு ஒரு சைக்கிள்

ஜனவரி 19, திங்கள்

பனி. ஏழரை மணிக்கும் எதிரே வரும் லாரி தெரியவில்லை. ஸ்கூட்டியில் செல்ஃப் எடுக்காமல் உதைத்து உதைத்து முட்டி வலி. திருப்புலிவனம் தாண்டியதும் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. மீதிப் பாதியில் நாங்கள்.

செய்ய வேண்டியவை:
கேஸ் புக் பண்ண.
பி.பி. மாத்திரை.
ஏழாம் வகுப்பு கணக்கு நோட்டு, இன்னும் 14 பாக்கி.
28ஆம் தேதி ஆசிரியர் கூட்டத்துக்குப் பேச்சு எழுத.

பொங்கல் லீவு முடிந்து முதல் நாள். போன வருடம் இதே நாளில் பாதி வகுப்பு காலி. இன்று 31க்கு 29. ஹெச்.எம். வாசலில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க ஃபார்முலாவ மத்த ஸ்கூலுக்கும் விக்கலாம்" என்றார்.

ஃபார்முலா ஒன்றுமில்லை. ஒரு பக்கம் சைக்கிள், ஒரு பக்கம் வரிசை. சைக்கிள், இந்தப் பள்ளியில் படித்து இப்போது வெளியூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் கொடுத்தது. ஜூனிலிருந்து ஆண்டு விழா வரை ஒரு நாள்கூட, ஒரு வேளைகூட, லீவு போடாத பிள்ளைக்கு. ஹெச்.எம். அறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கிறது. வரிசை என் யோசனை. லீவு போட்டவர்கள் மறுநாள் காலைப் பிரேயரில் இடது பக்கம் தனியாக நின்று காரணம் சொல்ல வேண்டும். எல்லார் எதிரிலும். அடிக்கவில்லை, திட்டவில்லை. பிரம்பைத் தொட்டே பத்து வருடம் ஆகிறது எனக்கு.

சைக்கிளுக்கு மிச்சம் இருப்பது இரண்டு பேர். என் வகுப்பு மோனிஷா, தர்ஷினி. இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. கடைசி வரை இரண்டு பேரும் வந்தால் குலுக்கல்.

ஜனவரி 20, செவ்வாய்

பனி குறைவு. மாத்திரை வாங்கியாயிற்று. கேஸ் மறந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டே இரண்டும் பேசிய பேச்சு:

தர்ஷினி: "நீ ஒரே ஒரு நாள் லீவு போடேன்டி. என் ஜிமிக்கிய ஒனக்குக் குடுத்துர்றேன்."

மோனிஷா: "எங்கப்பாவ செங்கல்பட்டு ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டாந்தாங்களே, இனிமே பாக்க முடியாது, வூட்டுக்கு இட்டுக்கினு போங்கன்னு. அன்னிக்கே நான் லீவு போடல. ஒன் ஜிமிக்கிக்குப் போடுவனா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வகுப்புக்கு வந்து இதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன், 28ஆம் தேதி பேச்சுக்கு ஆகும் என்று.

அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஈரல் கெட்டுவிட்டதாம். விசாரிக்க வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

எழுத ஓடவில்லை. ஆனாலும் நடந்த வரிசையில்.

காலை 9.20, அட்டெண்டன்ஸ். மோனிஷா "உள்ளேன் டீச்சர்" என்றாள். எப்போதும் போன்ற குரல்தான். தலை வாரவில்லை, ரிப்பன் இல்லை. "என்ன கோலம் இது, ரிப்பன் எங்க?" என்று அதட்டினேன். "மறந்துட்டேன் டீச்சர்."

பின்னம் வகுத்தல். முதல் கணக்கைப் போடப் பலகைக்கு அவளைக் கூப்பிட்டேன். ஒரு நொடி தயங்கினாள். வந்தாள். சரியாகப் போட்டாள்.

10.15. வாசலில் பைக் சத்தம். கைலியும் பொத்தான் போடாத சட்டையுமாக ஒருவர் நேராக வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"மோனிஷா இங்கதான கீது டீச்சர்?"

"நீங்க?"

"சித்தப்பன். எங்கண்ணன் தவறிட்டாரு டீச்சர். விடியக்கால நாலு மணி இருக்கும். பொண்ணு அங்கதான் தல மாட்டுல குந்திகினு இருந்துச்சி. எட்டு மணிலேர்ந்து காணம். கெணத்துல பாத்துட்டோம், ஏரிக்கரைல பாத்துட்டோம். எங்கண்ணி மயங்கி உயுந்துடுச்சி."

திரும்பிப் பார்த்தேன். மோனிஷா எழுந்து நின்று பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தாள்.

"வந்துடலாம்னுதான் இருந்தேன் சித்தப்பா. அட்டெண்டன்ஸ் குடுத்துட்டு ஓடியாந்துடலாம்னு. டீச்சர் கணக்கு போடக் கூப்ட்டாங்க."

வகுப்பு வாசலிலேயே ஓர் அறை விட்டார். நான் தடுக்கவில்லை. பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பலகையில் அவள் போட்ட கணக்கு. அழிக்காமல் அதற்குக் கீழேயே அடுத்ததைப் போட்டேன். என்ன சொல்லிக் கொடுத்தேனோ தெரியாது.

1.50. மதியம் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் மோனிஷா. வேறு பாவாடை. குளித்த தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உடலை எடுத்துவிட்டார்கள், ஆண்கள் சுடுகாட்டுக்குப் போயிருக்கிறார்கள், பெண்கள் தலை முழுகிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சந்தடியில் ஓடி வந்திருக்கிறாள். பின்னால் யாருமில்லை.

"வீட்டுக்குப் போம்மா."

"அட்டெண்டன்ஸ் போடுங்க டீச்சர். போய்டறேன்."

முப்பது பிள்ளைகளும் என்னைப் பார்க்கிறார்கள். பேனா கையில். போடாவிட்டால் அவள் வந்தது வீண். போட்டால்?

போட்டேன். எட்டிக் குனிந்து பதிவேட்டைப் பார்த்தாள். தன் பெயரில் இரண்டு வேளையும் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

பதிவேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர். மை கலைந்திருக்கிறது.

சாயந்திரம் துக்கம் கேட்கப் போகவில்லை. தலைவலி என்று ஹெச்.எம்.மிடம் சொன்னேன். வலி இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

தூக்கம் இல்லை. டிபன் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

ஒன்பதுக்கு முன்பே கேட்டில் மோனிஷா. யூனிஃபார்ம், ரிப்பன், எல்லாம் ஒழுங்கு. நேற்று நான் அதட்டியதற்காகவா?

9.10. தர்ஷினியின் அப்பா, தெருக்காரர்கள் இரண்டு பேருடன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர். நல்ல மனிதர்தான், போன வருடம் குடிதண்ணீர்த் தொட்டிக்கு அவர்தான் அலைந்தார்.

"டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. சாவு வூட்லேர்ந்து மறுநாளே ஸ்கூலுக்கு வந்தா எப்டி? காலனில அவுங்களுக்குத் தீட்டு கீட்டுன்னு ஒண்ணும் கெடையாது. நாங்க பாக்கணும்ல. கும்பாபிஷேகத்துக்குக் காப்பு கட்டிக்கினு கீறோம். எம்பொண்ணு பக்கத்துல குந்தவெச்சா தீட்டு எங்க வூட்டுக்குல்ல வரும்?"

"சின்னப் பிள்ளைங்க. ஸ்கூல்ல தீட்டுன்னெல்லாம் பேசக் கூடாதுங்க."

"செரி, அத வுடுங்க. லீவுன்னா லீவுதான? நேத்து காலைல பத்தேகாலுக்கு இட்டுக்கினு போய்ட்டாங்க. மத்தியானம் வந்து மொகத்தக் காட்டிட்டுப் போச்சி. அதுக்கு நீங்க அட்டெண்டன்ஸ் போட்டுகீறீங்க. சாவுன்னா ரூலு வேறயா?"

எது முதல் காரணம், எது இரண்டாவது என்று அவர் முகத்தில் தேடினேன். அவருக்கே தெரிந்திருக்காது.

ஹெச்.எம். என்னை அறைக்குள் அழைத்தார். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று பேசினோம்.

"பதினாறு நாள்தானே டீச்சர். காரியம் முடிஞ்சு வரட்டும். ஊர்ல ரெண்டு தெருவுக்கும் நடுவுல நாம மாட்டிக்க வேணாம்."

"தீட்டுன்னு சொல்லி ஒரு பிள்ளையத் திருப்பி அனுப்பினா நாளைக்கு யார் சார் பதில் சொல்றது?"

"தீட்டுன்னு யாரு சொன்னா? துக்கத்துக்கு லீவு குடுக்கறோம். அந்த வார்த்தையே உங்க வாய்ல வரக் கூடாது."

வார்த்தையை மாற்றிக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

"மோனிஷா, அம்மாவுக்குத் துணையா இரும்மா. பதினாறு முடிஞ்சு வா."

"என் பேரு டீச்சர்?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"நேத்து வந்தேனே. ரெண்டு வேளையும் வந்தேனே."

அவள் அழவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா சனிக்கெயம செத்திருந்தா பரவால்ல டீச்சர். ரெண்டு நாள் லீவு."

திரும்பி நடந்தாள்.

அவள் பெயருக்கு நேரே இந்த வருடத்தின் முதல் ஆப்சென்ட். நான்தான் போட்டேன்.

ஜனவரி 26, திங்கள்

கொடி. ஆரஞ்சு மிட்டாய். வெயில் பரவாயில்லை.

சமையல் அறையில் சத்துணவு அம்மாவும் உதவியாளரும்:

"சைக்கிளுக்கோசரம் அப்பன் பொணத்த வுட்டுட்டு ஓடியாந்துச்சாமே."

"அவங்கம்மா தொடப்பத்தாலயே சாத்துனாளாம். முதுகுல்லாம் தடிச்சிக் கீதாம்."

"பொட்டப் புள்ளைக்கு இவ்ளோ ஆசை ஆவாது."

நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. டீ கொடுத்தார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் இதுவரை ஒருவர்கூட என்னை ஒன்றும் சொல்லவில்லை.

தர்ஷினி வெள்ளிக்கிழமை முழுக்க பெஞ்சில் தனியாக இருந்தாள். பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தாள்.

ஜனவரி 28, புதன்

கூட்டம். சுற்றுப்பட்டுப் பள்ளிகளிலிருந்து நாற்பது ஆசிரியர்கள் இருப்பார்கள். சமோசா, ஆறிப்போன டீ.

நான் பேசியது:
1. பரிசு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.
2. தண்டனை உடம்பில் படக் கூடாது, ஆனால் எல்லாருக்கும் தெரிய வேண்டும்.
3. ஆசிரியர் விதிவிலக்குக் கொடுக்கக் கூடாது.

அதற்கு மேல் நிறுத்தியிருக்கலாம். துண்டுச் சீட்டு கையில் இருந்தது. "எங்க வகுப்புல ஒரு மாணவி. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கைவிட்டுக் கொண்டுவந்த அன்னிக்குக்கூட லீவு போடல" என்றேன். கைதட்டினார்கள். பெரிதாக. பின் வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை.

ஐயங்கார்குளம் பக்கத்திலிருந்து வந்த இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்தார். "பரிசை நிறுத்திட்டா பிள்ளைங்க வருவாங்களா மேடம்?"

"அதுக்குள்ள பழக்கம் ஆயிடும் சார்."

உட்கார்ந்துவிட்டார். நம்பினாரா தெரியவில்லை. வெளியே வந்து சீட்டைக் கிழித்துப் போட்டேன். இதெல்லாம் செய்த பிறகு கிழித்து என்ன.

பிப்ரவரி 9, திங்கள்

காரியம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. இன்று மோனிஷா வருவாள் என்று காலையிலிருந்து வாசலைப் பார்த்தபடி பாடம் எடுத்தேன். வரவில்லை.

ஸ்கூட்டி மெக்கானிக்கிடம். பஸ்ஸில் வந்தேன். உத்திரமேரூரில் நாற்பது நிமிடம் நின்றேன்.

பிப்ரவரி 11, புதன்

நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. பள்ளி விட்டதும் காலனிக்குப் போனேன். தொகுப்பு வீடு. வாசலில் அவள் அம்மா முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நான்தான் அடிச்சேன் டீச்சர். ஊரே வாய்ல கை வெச்சிக்கினு பாக்குதே, நான் இன்னா பண்றது? அப்புறம் உக்காந்து யோசிச்சேன். புள்ளைக்கு இன்னா தெரியும்? டீச்சர் ஒரு நாள்கூட வுடக் கூடாதுன்னு சொன்னாங்க, அது வுடல. அவ்ளோதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சமாதானம் சொல்வது போலச் சொன்னார்.

மோனிஷா ரோட்டில் நெல்லைக் காலால் தள்ளித் தள்ளிக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"பதினாறு முடிஞ்சுதே, ஏன் வரல?"

"இனிமே எதுக்கு டீச்சர்? அதான் போயிடுச்சே."

"சைக்கிள் போனா என்ன? படிக்க வேணாமா?"

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"படிக்கறதுக்கு தெனம் வரணுமா டீச்சர்?"

"வரிசைல நிக்கணுமேன்னு பயப்படறியா? நீ நிக்க வேணாம். நான் பாத்துக்கறேன்."

"நின்னாலும் பரவால்ல."

ஒரு லாரி வந்தது. இரண்டு பேரும் ஒதுங்கினோம். லாரி போனதும் மறுபடி நெல்லுக்குள் இறங்கி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் காலை இழுத்து நடந்தாள். வெயிலில் புழுதி. மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பீரோவில் போன வருடப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். ஆறாம் வகுப்பு. மோனிஷா: வருடம் முழுக்க ஒன்பது நாள் லீவு. ஒன்பதுக்கும் கடிதம் கொடுத்திருக்கிறாள், பதிவேட்டுக்குள்ளேயே செருகி இருந்தது. ஒன்று: "மாமா கல்யாணத்தில் நான் பூத்தட்டு தூக்க வேண்டும், ஆகையால் இரண்டு நாள் விடுப்பு." கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பூ வரைந்திருந்தது.

அப்போது சைக்கிளும் இல்லை, வரிசையும் இல்லை. அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். எதற்காக வந்தாள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்டால் அவளுக்கே தெரியாது.

இந்த வருடம் மூன்று முறை காய்ச்சலோடு வந்திருக்கிறாள். மூன்று முறையும் வகுப்பு முன்னால் நிறுத்தி, கைதட்டச் சொன்னேன்.

பிப்ரவரி 18, புதன்

வரிசையை நிறுத்தலாம் என்று திங்கட்கிழமை ஹெச்.எம்.மிடம் சொன்னேன். "வருஷம் முடியட்டும் டீச்சர், நடுவுல எதுக்கு மாத்தணும்?" என்றார். என் வகுப்புக்கு மட்டும் நானே நிறுத்திவிட்டேன். இனி லீவு போட்டால் யாரும் காரணம் சொல்ல வேண்டாம் என்று அறிவித்தேன். பிள்ளைகள் சந்தோஷமாகக் கத்தினார்கள்.

நேற்று ஏழு பேர் ஆப்சென்ட். இன்று பதினொன்று.

வரிசையை நிறுத்தினேன், பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள்.

ஹெச்.எம். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நாளையிலிருந்து மறுபடி வரிசையா? முடிவெடுக்கவில்லை. இரவுச் சாப்பாடு தயிர் சாதம். போதும் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஆண்டு விழா. ஷாமியானா, மைக் செட், மூன்று டான்ஸ். பரிசு பெறுவோர் பட்டியல் படித்தது நான். "முழு வருகைக்கான பரிசு, ஏழாம் வகுப்பு தர்ஷினி." குரல் பிசிறவில்லை. எனக்கே ஆச்சரியம்.

தர்ஷினி மேடைக்கு வந்தாள். சைக்கிளைக் கொடுத்த பெரியவர் அவள் தலையில் கை வைத்தார், ஃபோட்டோ எடுத்தார்கள். இறங்கும்போது என் பக்கத்தில் வந்து, "டீச்சர், மோனிஷா இருந்திருந்தா குலுக்கல் வெச்சிருப்பீங்கல்ல?" என்றாள்.

"ஆமா."

"எனக்கு வியுந்திருக்கும்ல?"

"விழுந்திருக்கும்."

அவளுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவள் அப்பா சைக்கிளைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்.

கூட்டத்தில் மோனிஷாவின் அம்மாவைத் தேடினேன். காலனியிலிருந்து யாரும் வரவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

தர்ஷினி ஆப்சென்ட். ஒரகடத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாளாம், சைக்கிளைக் காட்ட. இந்த வருடம் அவளுடைய முதல் லீவு.

மோனிஷா வந்தாள். பத்து மணிக்கு. தானாக வந்து தானாக உட்கார்ந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் "பொணம்" என்று முனகினான். அவனை வெளியே அனுப்பப் போனேன், வாசலைக் காட்டத் தூக்கிய கையை அப்படியே இறக்கிவிட்டேன். வெளியே அனுப்பினால் நாளைக்கு அவன் இன்னும் சத்தமாகச் சொல்வான். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் காதில் பேசினேன். அவங்க அப்பா மூட்டை தூக்கினவருடா, உங்க வீட்டு நெல்லையும்தான் தூக்கியிருப்பார் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். வெட்கமா, பயமா, தெரியவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

வெயில் இப்போதே கொளுத்துகிறது. கேஸ் வந்துவிட்டது.

31க்கு 21. தர்ஷினி வந்துவிட்டாள், பெஞ்சில் பையை நகர்த்தி இடம் விட்டாள். மோனிஷா போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டாவது பீரியட் நடுவில் எழுந்து மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், நான் வூட்டுக்குப் போவட்டா?"

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல."

"அம்மா வரச் சொன்னாங்களா?"

"இல்ல. சும்மாதான்."

வாயைத் திறந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் இரண்டு பதில் இருந்தது. சைக்கிள் வேணாமா? நாளைக்கு வரிசைல நிக்கறியா? இரண்டில் ஒன்று போதும், எந்தப் பிள்ளையும் போய் உட்கார்ந்துவிடும். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு மூன்றாவதாக ஒன்று தெரியவில்லை.

"பலகைல இருக்கற கணக்க மட்டும் போட்டுட்டுப் போயேன்" என்றேன். கெஞ்சுவது போல இருந்தது எனக்கே.

பலகையைப் பார்த்தாள். போய் உட்கார்ந்து போட்டாள். பத்து நிமிடம். கொண்டுவந்து காட்டினாள். சரி. சிவப்புப் பேனாவில் டிக் போட்டேன். 'மிக நன்று' என்று எழுதக் கை போனது, எழுதவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு வருவியா?"

"பாக்கறேன் டீச்சர்" என்றாள், பெரியவர்கள் சொல்வது போல.